பழமையைப் பூச முடியுமா?

பழமை இரண்டு வழிகளில் ஒரு பொருளின்மேல் தன் அடையாளத்தைப் பதிக்கிறது. ஒன்று, மேலே படர்ந்து மறைப்பது. மற்றொன்று, மேலிருப்பதைத் தேய்த்து உள்ளிருப்பதைக் காட்டுவது. செம்புப் பாத்திரத்தில் ஏறும் களிம்பு முதல் வகையைச் சாரும். வாசற்படியின் நடுவே காலடி பட்டுப் பட்டு விழுந்த பள்ளமும், அம்மியின் முதுகில் குழவி ஓடி ஓடி ஏற்பட்ட வழவழப்பும் இரண்டாம் வகையைச் சாரும். களிம்பைப் புளியிட்டுத் துலக்கி அகற்றிவிடலாம். தேய்வை அவ்வாறு அகற்ற இயலாது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றனர் நம் முன்னோர். தேய்ந்த கல்லைப் பழைய நிலைக்குக் கொணர்வார் யாருமிலர்.

இன்று நகரங்களின் தளவாடக் கடைகளுக்குள் நுழைவோர் ஒரு விந்தையைக் காணலாம். நேற்றுத்தான் பட்டறையிலிருந்து வந்த மேசையொன்று நூறாண்டு கண்ட மேசைபோல் நிற்கும். அதன் விளிம்புகளில் வெள்ளைச் சாயம் உதிர்ந்து நீலச் சாயம் எட்டிப் பார்க்கும். கால்களில் வெடிப்பு ஓடியிருக்கும். அதற்குப் பக்கத்தில் நிற்கும் பளபளப்பான மேசையைவிட அதற்கு விலையும் கூடுதலாக இருக்கும். பழையதைப் புதியதாக்கிக் காட்ட மனிதன் முயல்வது இயல்பு. புதியதைப் பழையதாக்கிக் காட்ட அவன் ஏன் முயல்கிறான்? அது கலையா, ஏமாற்றா?

இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆசியாவின் கிழக்குக் கோடியில் இதற்குப் பல விடைகள் எழத் தொடங்கின. அவ்விடைகள் ஏட்டில் எழுதப்பட்டதைக் காட்டிலும் மரத்தின்மீது பூசப்பட்டதே மிகுதி. ஜப்பானிய மரப்பால் பூச்சின் வரலாறு அவற்றை நமக்குக் காட்டும்.

ஜப்பான் என்றவுடன் இந்நாட்டுத் தமிழருக்கு 1942 முதல் 1945 வரையிலான ஆட்சிக்கால இருளும், சயாம் இரயில் பாதையில் மாண்டோரின் நினைவும் முன்வந்து நிற்பது இயற்கை. அவ்வடு ஆறிவிட்டது என்று கூறுவதற்கில்லை. எனினும் ஒரு நாட்டின் படைவாளை அறிந்த நாம் அதன் பட்டறை உளியையும் அறிந்துகொள்வது கல்வியின்பாற்படும்.

பால் மரமும் உருஷி மரமும்

ஜப்பானியர் "உருஷி" என வழங்கும் பூச்சுப்பொருள் ஒரு மரத்தின் பால். நம் இரப்பர்த் தோட்டங்களில் செய்வதுபோலவே அம்மரத்தின் பட்டையிலும் கோடு வெட்டிப் பால் எடுக்கின்றனர். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் நமக்குப் பால் தரும். உருஷி மரமோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்து, ஒரே பருவத்தில் ஏறத்தாழ 200 கிராம் பாலைத் தந்துவிட்டு வெட்டுண்டு வீழும். ஒரு மரத்தின் வாழ்நாள் உழைப்பு ஒரு குவளைகூட நிரம்பாது. அப்பூச்சின் அருமையை உணர இவ்வொரு செய்தியே போதுமானது.

இம்மரம் நமக்கு முற்றிலும் அயலானதன்று. மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவை சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது அது. சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடச் சேங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்துவர். அச்சாறு தோலில் பட்டால் கொப்புளம் எழும். உருஷிப் பாலுக்கும் அதே குணம் உண்டு. மலேசியக் காடுகளில் மரம் வெட்டுவோர் அஞ்சி ஒதுங்கும் ரெங்காஸ் மரமும் இக்குடும்பத்ததே. அதன் கட்டை தளவாடத்திற்கு உகந்த செந்நிற அழகுடையது. பாலோ உடலைப் புண்ணாக்குவது. பர்மியர் தம் பூச்சுக் கலைக்குப் பயன்படுத்தும் பாலும் ரெங்காசின் நெருங்கிய உறவான ஒரு மரத்திலிருந்தே கிடைக்கிறது.

இதனை நாம் அறிந்த அரக்கோடு குழப்பிக்கொள்ளலாகாது. அரக்கு ஒருவகைச் சிற்றுயிர் மரக்கிளைகளில் சுரந்து வைப்பது. உருஷி மரமே சுரப்பது. ஆயினும் ஐரோப்பியர் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தனர். "லாக்கர்" என்னும் சொல் அரக்கைக் குறிக்கும் "லாக்ஷா" என்ற வடசொல்லிலிருந்து போர்த்துக்கீசியர் வாய்வழி மேற்கே சென்றதாகும். இந்தியப் பெயரைத் தாங்கிக்கொண்டு கிழக்காசியப் பொருள் உலகைச் சுற்றிவந்தது.

உருஷியின் மற்றோர் இயல்பு வியப்பூட்டுவது. சாயம் காய வெயில் வேண்டும் என்பது நாம் அறிந்தது. உருஷி இறுகுவதற்கோ ஈரக்காற்று வேண்டும். பூசிய பொருளை நூற்றுக்கு எழுபது, எண்பது விழுக்காடு ஈரப்பதமுள்ள நிலைப்பேழைக்குள் வைப்பர். பாலிலுள்ள ஒரு நொதி, காற்றிலுள்ள உயிர்வளியின் துணைகொண்டு அதனை இறுகச் செய்கிறது. இந்நொதியின் செயலை 1883ஆம் ஆண்டில் ஹிகோரோகுரோ யோஷிதா என்ற ஜப்பானிய வேதியியலறிஞர் விளக்கினார். இறுகிய உருஷி நீரையும் காடியையும் தாங்கும். ஆனால் நீடித்த வெயில் அதனை மங்கச் செய்யும். கை பட்டு உராய்ந்தால் சிறுகச் சிறுகத் தேயும். இத்தேய்விலிருந்துதான் நம் வரலாறு தொடங்குகிறது.

நெகோரோ மடத்தின் செந்தட்டுகள்

ஜப்பானின் இன்றைய வக்கயாமா மாநிலத்தில் நெகோரோ என்னும் இடத்தில் ஒரு பௌத்த மடம் உண்டு. கோயா மலையில் தலைமைத் துறவியராக விளங்கிய கக்குபன், அங்கு எழுந்த பூசலினால் 1140ஆம் ஆண்டில் தம் மாணாக்கரோடு வெளியேறி இவ்விடத்தை அடைந்தார். 1288இல் ராய்யு என்ற துறவி கோயா மலையிலிருந்த கல்விக்கூடத்தையும் இங்கு மாற்றியபின் இம்மடம் பெருவளர்ச்சி கண்டது.

இவர்கள் ஷிங்கோன் என்னும் மந்திர நெறியைச் சார்ந்தவர்கள். அந்நெறியின் குருமரபில் வைத்துப் போற்றப்படும் வச்சிரபோதி (671–741) தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று சீன வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இலங்கையையும் ஸ்ரீவிஜயத்தையும் கடந்து, நம் நீர்ப்பரப்பு வழியாகவே அவர் சீனம் சென்றார். ஆகவே நெகோரோவின் மந்திர ஒலியில் தென்னாட்டுத் தொடர்பின் இழை ஒன்று இழையோடுகிறது எனலாம்.

ஆயிரக்கணக்கான துறவியர் வாழும் மடத்துக்கு உண்கலங்கள் வேண்டும். நூல் ஓதும் சிறுமேசைகள் வேண்டும். வழிபாட்டுப் பீடங்கள், கைதாங்கிகள், நீர்க்கலங்கள் வேண்டும். இவையெல்லாம் மரத்தால் செய்யப்பெற்று உருஷி பூசப்பெற்றன. அப்பூச்சு முறையைச் சற்று விரிவாகக் காண்பது நன்று.

முதலில் மரத்தைக் கடைந்தோ இணைத்தோ உருவாக்குவர். விளிம்பு, மூட்டு, அடி ஆகிய எளிதில் உடையக்கூடிய இடங்களில் உருஷியால் துணி ஒட்டி வலுவூட்டுவர். அதன்மேல் மண்தூளும் உருஷியும் கலந்த குழம்பைப் பூசிக் காயவிட்டு, கல்லால் தேய்த்துச் சமன் செய்வர். அதன்மேல் கரிய உருஷி ஏறும். புகைக்கரியாலோ இரும்பின் சேர்க்கையாலோ அந்தக் கருமை கிட்டும். கரும்பூச்சு நன்கு இறுகியபின், இங்குலிகப் பொடி கலந்த செவ்வுருஷி இறுதியாகப் பூசப்படும். செம்பூச்சு மெல்லியது. அதனை மெருகிட்டுப் பளபளப்பாக்காமல் பூசியவாறே விட்டுவிடுவர்.

இவ்வேலையின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாதது. துணியும் மண்குழம்பும் கரும்பூச்சும் செம்பூச்சுக்கு அடியில் மறைந்துபோகின்றன. பொருளைக் கையில் வாங்குவோன் காண்பது மேலுள்ள சிவப்பை மட்டுமே. பணியாளன் அடியிலுள்ள வேலையில் குறை வைத்தாலும் அன்றைக்கு அதனை அறிவார் இல்லை.

ஆனால் நாள் அறியும். நாள்தோறும் தட்டை எடுப்பதும் வைப்பதும் துடைப்பதும் நிகழ்கின்றன. ஐம்பது ஆண்டுகள், நூறு ஆண்டுகள் கழிகின்றன. கைவிரல் பற்றும் விளிம்பிலும், துணி துடைக்கும் நடுப்பரப்பிலும், மேசையின் மணிக்கட்டு படும் ஓரத்திலும் செம்பூச்சு மெல்லத் தேய்கிறது. அடியிலுள்ள கருமை தோன்றுகிறது. அடிவேலை செம்மையாக இருந்தால் அங்கே மரம் வெளிப்படாது. உறுதியான கரும்பரப்பே வெளிப்படும். அடிவேலை பழுதானால் பூச்சு செதிலாக உரிந்து பொருளே கெடும். முதலாமவரின் நேர்மை நூறாண்டு கழித்துப் பேரப்பிள்ளைகளின் காலத்தில் வெளிச்சத்துக்கு வருகிறது.

சிவப்பும் கருமையும் இவ்வாறு கலந்த தோற்றத்தையே பிற்காலத்தார் "நெகோரோ" எனப் பெயரிட்டு வியந்தனர். அப்பெயரால் வழங்கும் பொருள்கள் அனைத்தும் அம்மடத்திலேயே செய்யப்பட்டவை அல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். நாராவிலுள்ள தோதாய்ஜி என்னும் பெருமடத்தில் 752ஆம் ஆண்டு முதல் இடையறாது ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு நோன்பு உண்டு. அந்நோன்பு நோற்கும் துறவியர் பதினொருவர். அவர்கள் உண்பதற்கெனச் செய்யப்பெற்ற வட்டத் தட்டுகள் இன்றும் உள்ளன. அவற்றின் அடியில் 1298ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து உண்டு. கரிய விளிம்பும் செந்நிற உட்பரப்பும் கொண்ட அத்தட்டுகளைச் "சூரிய வட்டத் தட்டுகள்" என்ற பொருளுடைய பெயரால் அழைப்பர். அவற்றின் சிவப்பிலும் கருமை ஊடுருவித் தோன்றுகிறது. அக்கருமையைத் தீட்டியவர் யாருமிலர். பசியாறிய துறவியரின் கைகளே அதனைத் தீட்டின.

எரிந்த மடமும் எஞ்சிய பெயரும்

நெகோரோ மடம் செல்வத்தோடு படைவலிமையும் பெற்றது. 1543இல் ஜப்பானின் தெற்குத் தீவான தனேகஷிமாவில் போர்த்துக்கீசியர் வந்திறங்கியபோது துப்பாக்கி அந்நாட்டுக்கு அறிமுகமாயிற்று. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய அதே இனத்தார் அவர்கள். நம் நீரிணையைக் கடந்தே அவர்கள் அங்கே சென்றடைந்தனர். அப்புதிய படைக்கலத்தை முதன்முதல் கையாண்டோருள் நெகோரோவின் போர்த்துறவியரும் இருந்தனர்.

ஓதுவோர் கையில் துப்பாக்கி ஏறியபின் ஆள்வோர் அமைதி காண்பாரோ? நாட்டை ஒருகுடைக்கீழ்க் கொணர முனைந்த தொயோதோமி ஹிதெயோஷி 1585ஆம் ஆண்டில் நெகோரோவின்மீது படையெடுத்தான். மடத்தின் கட்டடங்களுள் பெரும்பாலானவை தீக்கிரையாயின. 1547இல் கட்டி முடிக்கப்பெற்ற, ஏறத்தாழ நாற்பது மீட்டர் உயரமுள்ள பெருங்கோபுரம் தப்பிப் பிழைத்தது. அதன் தூண்களில் அன்று பாய்ந்த குண்டுகளின் வடுக்கள் இன்றும் காணக்கிடக்கின்றன.

மடத்தைச் சார்ந்திருந்த பூச்சுப் பணியாளர்கள் பல ஊர்களுக்குச் சிதறினர் என்றும், அவ்வூர்களின் உருஷித் தொழிலுக்கு அவர்களே வித்திட்டனர் என்றும் மரபுச் செய்திகள் கூறுகின்றன. இடம் அழிந்தது, பெயர் மட்டும் எஞ்சியது. எஞ்சிய பெயருக்கு மதிப்பு நாளுக்குநாள் ஏறியது.

அம்மதிப்பு ஏறியதற்கு ஒரு பின்னணி உண்டு. நெகோரோவை எரித்த ஹிதெயோஷி மறுஆண்டு, அதாவது 1586இல், பொன்தகடு வேய்ந்த தேநீர் அறை ஒன்றைப் பேரரசர் அரண்மனையில் அமைத்துக் காட்டினான். அவனிடம் தேநீர் ஆசானாக இருந்தவர் சென் நோ ரிக்கியூ (1522–1591). அவரோ மண்சுவர்க் குடிலையும் கரடுமுரடான மட்கலத்தையும் எளிமையையும் போற்றியவர். ஒரே அவையில் பொன்னறையும் மண்குடிலும் எதிரெதிரே நின்றன. 1591இல் ஹிதெயோஷியின் ஆணையால் ரிக்கியூ தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள நேர்ந்தது. ஆனால் நிலைத்தது அவருடைய சுவையே. பொன்னறை அழிந்துபோயிற்று. பழகித் தேய்ந்த எளிய பொருளில் அழகு காணும் பார்வை ஜப்பானியர் உள்ளத்தில் வேரூன்றிற்று. 1933ஆம் ஆண்டில் நாவலாசிரியர் ஜுனிச்சிரோ தனிசாகி நிழலைப் போற்றி எழுதத் தொடங்கிய கட்டுரையிலும், பலர் கைபட்டுப் பொருள்மேல் ஏறும் மெருகைச் சிறப்பித்திருக்கிறார்.

போலியின் பிறப்பு

எப்பொருளுக்கு மதிப்பு ஏறுகிறதோ அப்பொருளுக்குப் போலி பிறக்கும். பழைய நெகோரோ கிடைப்பது அரிதாயிற்று. வேண்டுவோர் தொகை பெருகிற்று. நூறாண்டு காத்திருக்க மனமில்லாத பணியாளன் புதிய செந்தட்டை எடுத்து, கரியாலும் கல்தூளாலும் சில இடங்களில் தேய்த்தான். ஒரு நாளில் நூறு வயது ஏறிற்று.

இது ஜப்பானியர் கண்டுபிடித்த சூழ்ச்சியும் அன்று. சீனத்தில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாவ் சிகு என்பவர் பழம்பொருள்களைப் பற்றி எழுதிய நூலில், உருஷி பூசிய "சின்" என்னும் நரம்பிசைக் கருவியின் பழமையை அறியும் முறையை விளக்கியிருக்கிறார். அக்கருவியின் பூச்சில் காலப்போக்கில் நுண்ணிய வெடிப்புகள் ஓடும். பாம்பின் வயிற்று வரிபோலவும் எருதின் மயிர்போலவும் அவை தோன்றும். ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தாலன்றி அவை தோன்றா என்பது அவர் கருத்து. அவ்வெடிப்பைப் போலியாக உண்டாக்குவோரின் வழியையும் அவர் வெளிப்படுத்துகிறார். குளிர்காலத்தில் கருவியைக் கடுந்தீயில் காய்ச்சி, உடனே பனிக்கட்டியால் மூடினால் பூச்சு வெடிக்குமாம். சிலர் சிறு கத்தியால் கோடு கிழிப்பராம். உண்மை வெடிப்பின் விளிம்போ வாள்முனைபோல் கூர்மையாக இருக்கும் என்று அடையாளமும் கூறுகிறார். போலி செய்வோரும், போலியைப் பிடிப்போரும் அன்றே ஒருங்கே தோன்றிவிட்டனர்.

நெகோரோவில் போலியைக் கண்டறியும் முறை இன்னும் எளிது. தேய்வு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். உண்மையான தேய்வுக்குக் காரணம் உண்டு. கை எங்கே பிடிக்குமோ, துணி எங்கே துடைக்குமோ, அடி எங்கே தரையில் உராயுமோ அங்கேதான் அது நிகழும். குழிந்த மூலையிலும் கை எட்டாத உட்புறத்திலும் சிவப்பு நிறைந்தே இருக்கும். போலி செய்பவன் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடங்களிலெல்லாம் தேய்த்துவிடுவான். அவன் அழகை அறிந்தான், பயன்பாட்டை அறிந்தானில்லை. விடைத்தாளில் மற்றொருவன் விடையைப் பார்த்தெழுதிய மாணவன் கணக்கின் வழியை எழுதாமல் முடிவை மட்டும் எழுதி அகப்பட்டுக்கொள்வது போன்றது இது.

மறைக்காமல் செய்த இருவர்

எனினும், உராய்ந்து வண்ணம் காட்டும் முறைகள் யாவும் ஏமாற்று என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. ஜப்பானின் வடகோடியிலுள்ள சுகாரு நாட்டின் வரலாறு அதனைத் தெளிவுறுத்தும்.

இன்றைய அவொமொரி மாநிலத்தில் ஹிரோசாக்கி என்னும் கோட்டை நகர் உண்டு. அதன் நான்காம் தலைவரான நொபுமாசா (ஆட்சி 1656–1710) பல ஊர்களிலிருந்து கைவினைஞரை வரவழைத்தார். வாக்காசாவிலிருந்து வந்த இக்கேடா கென்பெயும், அவர்தம் மகன் கென்தாரோவும் அங்கு உருஷிக் கலையை வளர்த்தனர். அவர்கள் வழிவந்த முறை தனித்தன்மை வாய்ந்தது. முட்டையின் வெண்கருவைச் சேர்த்துக் கெட்டியாக்கிய உருஷியை, துளைகளிட்ட அகப்பை போன்ற ஒரு கருவியால் மரத்தின்மேல் ஒற்றுவர். பரப்பெங்கும் மேடும் பள்ளமுமாகப் புள்ளிகள் எழும். அதன்மேல் மஞ்சள், சிவப்பு, பச்சை, கருமை எனப் பல நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவர். இறுதியில் கல்லால் தேய்த்துச் சமமாக்குவர். மேடாக இருந்த இடத்தில் மேல்நிறம் தேய்ந்து கீழ்நிறங்கள் வளையம் வளையமாகத் தோன்றும். வேறொரு முறையில், ஈரமான பூச்சின்மேல் கடுகு போன்ற சிறு விதைகளைத் தூவி, இறுகியபின் உரித்தெடுப்பர். விதை பதிந்த இடமெல்லாம் சிறு மோதிரம் போன்ற வடு நிற்கும்.

இவ்வேலைக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட படிநிலைகளும் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட காலமும் தேவைப்படும். பூசுவதும் தேய்ப்பதும், மீண்டும் பூசுவதும் தேய்ப்பதுமாக இருப்பதால் "முட்டாள் பூச்சு" என்று அவ்வூரார் வேடிக்கையாகவும் அழைப்பர். 1871இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டபோது ஆதரவிழந்த இத்தொழில், 1873ஆம் ஆண்டு வியன்னாவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் இடம்பெற்று அயலார் கண்ணுக்கும் எட்டியது. 2017இல் ஜப்பானிய அரசு இதனை நாட்டின் முக்கியக் கலைமரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

சுகாரு பணியாளன் தேய்த்துத்தான் அழகைக் கொணர்கிறான். ஆனால் நூறாண்டுப் பொருள் என்று சொல்லி விற்கவில்லை. காலம் செய்யும் வேலையைக் கண்டு கற்று, அதனைத் தன் கையின் வேலையாக வெளிப்படையாகச் செய்கிறான். ஆசிரியரின் கையெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகும் மாணவனுக்கும், அதே கையெழுத்தில் பொய்ச்சான்று எழுதுபவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு.

மற்றொரு சான்று தோக்கியோவுக்குத் தெற்கே உள்ள காமகுரா நகரம். அங்குப் பரம்பரை பரம்பரையாகப் புத்தர் சிலை செதுக்கிவந்த சிற்பியர் வாழ்ந்தனர். 1868இல் மெய்ஜி அரசு ஷிந்தோ வழிபாட்டையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டது. அதனைத் தொடர்ந்து பௌத்தக் கோயில்களும் சிலைகளும் பல இடங்களில் அழிக்கப்பட்டன. சிலை செய்விப்போர் அருகினர். பசி வாயிற்படிக்கு வந்தது. உளியைத் தூக்கி எறியாமல், அச்சிற்பியர் தட்டு, பேழை, கண்ணாடிச் சட்டம், சிறுமேசை ஆகியவற்றில் பூவும் இலையும் செதுக்கத் தொடங்கினர். செதுக்கிய மரத்தின்மேல் கரும்பூச்சும் செம்பூச்சும் இட்டனர். செம்பூச்சு முழுவதும் இறுகுமுன் ஒரு கரும்பொடியைத் தூவித் துடைத்தனர். மேடான இடங்களில் சிவப்பு ஒளிர, செதுக்கிய பள்ளங்களில் பொடி தங்கி நிழல் விழுந்தது. பல்லாண்டுப் புகை படிந்த கோயிற் பொருளின் தோற்றம் புதிய தட்டுக்கு வந்தது.

அப்பொடி எதுவெனில், நீர்நிலைகளில் வளரும் ஒருவகைப் புல்லைத் தாக்கும் பூஞ்சையின் கரிய விதைத்தூள். அதே பூஞ்சையால் பருத்த இளந்தண்டைச் சீனர்கள் காய்கறியாக உண்பர். நம் நாட்டுச் சந்தைகளிலும் அதனைக் காணலாம். 1889இல் காமகுராவுக்கு இரயில் வந்தது. சுற்றுலாவினரும் மாளிகைவாசிகளும் வந்தனர். இப்பொருள்களை விரும்பி வாங்கினர். கோத்தோ, மித்சுஹாஷி ஆகிய இரு சிற்பிக் குடும்பங்களின் வழியே அக்கலை இன்றும் வாழ்கிறது. சிலையை இழந்த சிற்பி, கோயிலின் நிழலை மட்டும் தட்டில் ஏற்றி வாழ்வைத் தேடிக்கொண்டான். அதனைப் போலி என்று இகழ எவருக்கு மனம் வரும்?

நாம் காணவேண்டியது

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்குத் திரும்புவோம். பழமையைப் பூச முடியுமா?

பழமையின் தோற்றத்தைப் பூச முடியும் என்பதில் ஐயமில்லை. அதற்கு இன்று பெருந்திறமும் வேண்டுவதில்லை. மேசைக்கு ஒரு கருஞ்சாயம் பூசிக் காயவிட்டு, கை படக்கூடிய விளிம்புகளில் மெழுகுவத்தியைத் தேய்த்து, அதன்மேல் வெளிர்நிறச் சாயம் பூசினால், மெழுகு உள்ள இடத்தில் மேற்சாயம் ஒட்டாது. உப்புத்தாளால் மெல்ல உரசியவுடன் அது உதிர்ந்து கருமை தோன்றும். இரு பூச்சுகளுக்கும் இடையே பசையைப் பூசி, அது முழுதும் காயுமுன் நீர்ச்சாயம் பூசினால், மேற்பூச்சு சுருங்கி வெடிப்போடும். உதிர்ந்துகொண்டிருக்கும் அழுக்கை நன்கு தேய்த்துக் கழுவிவிட்டு இவ்வாறு செய்தால், குப்பைக்குப் போகவிருந்த நாற்காலியும் மீண்டும் வீட்டுக்குள் இடம்பெறும். இது விலக்கத்தக்க வேலையன்று. பள்ளிக் கைவினை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் ஏற்றது. நெகோரோ கற்பிக்கும் ஒரு விதியை மட்டும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தல் வேண்டும்: கை படும் இடத்தில் தேய், கை படாத இடத்தைத் தொடாதே. அவ்விதியைக் கடைப்பிடிக்கும் பிள்ளை, தேய்ப்பதற்கு முன் அந்நாற்காலியில் யார் எப்படி அமர்ந்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கும். பொருளின் வழியே மனிதரை எண்ணுவது வரலாற்றுக் கல்வியின் முதற்பாடம் ஆகும்.

பழமையையே பூச முடியுமா என்றால், முடியாது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தைச் செம்பின் களிம்புக்கு ஒப்பிடும். களிம்பு செம்பின் ஒளியை மறைப்பதுபோல ஆணவம் உயிரின் அறிவை மறைக்கிறது என்பது அவ்வுவமையின் கருத்து. மறைப்பது களிம்பின் தொழில்; காட்டுவது தேய்வின் தொழில். புதியதைப் பழையதென்று சொல்லி விற்பவன் தீட்டும் தேய்வு, தோற்றத்தில் தேய்வாயினும் தன்மையில் களிம்பே. அது உண்மையை மறைக்கிறது. சுகாருப் பணியாளனும் காமகுராச் சிற்பியும் தீட்டியது அவ்வாறன்று. அவர்கள் எதையும் மறைக்கவில்லை.

இவர்கள் அனைவர்க்கும் மேலாக, பெயரறியப்படாத அந்த முதற்பணியாளனை நான் மதிக்கிறேன். அவன் பழமையைப் பூச முயலவில்லை. பழமை வரும்போது அது அழகாக வருவதற்கு வேண்டிய கரும்பூச்சைச் செம்பூச்சின் அடியில் பொறுமையாக இட்டுவைத்தான். அதன் அழகைத் தான் காணப்போவதில்லை என்பதையும் அறிந்திருப்பான். ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டோர்க்கு இந்நிலை நன்கு விளங்கும். தொடக்கப்பள்ளியில் நாம் இடும் அடிப்பூச்சு, பிள்ளைகள் உலகில் உராய்ந்து மேற்பளபளப்பு தேய்ந்த பிறகே தெரியவருகிறது. அப்போது வெளிப்படுவது உறுதியா, வெற்று மரமா என்பது நாம் அன்று எத்துணை நேர்மையாக உழைத்தோம் என்பதைப் பொறுத்தது.

நம் சமுதாயத்தின் பழம்பொருள்களுக்கும் இக்கருத்தைப் பொருத்திப் பார்த்தல் நலம். தோட்டங்கள் கைமாறும்போதும் பள்ளிகள் நகரங்களுக்கு இடம்பெயரும்போதும், பழைய நிலைப்பேழைகள், இருவர் அமரும் மேசைகள், கோயில் பீடங்கள், வாகனங்கள் ஆகியவை ஒன்று விறகாகின்றன. அன்றேல் ஆண்டுதோறும் பளபளக்கும் சாயம் ஏறி முகமிழக்கின்றன. ஒரு மேசையின் விளிம்பு தேய்ந்திருந்தால், அங்கே மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் முழங்கை ஊன்றியிருந்தது என்று பொருள். அதன் மூலையில் பச்சைச் சாயத்துக்கு அடியில் சாம்பல்நிறச் சாயம் தெரிந்தால், அப்பள்ளி கண்ட காலங்களின் அடுக்கு அது. எழுதப்பட்ட ஆவணம் குறைவாக உள்ள நம்மைப் போன்ற குடியேறிய மக்களுக்கு இத்தேய்வுகளும் ஆவணங்களே. செல்லரித்த பகுதியைச் செப்பனிடுவோம், ஆட்டம் கண்ட காலை இறுக்குவோம், அழுக்கைத் துடைப்போம். சாயப் புட்டியைத் திறக்குமுன், அப்பொருளின் எந்தெந்த இடத்தில் யார் கை பட்டுத் தேய்ந்தது என்பதை ஒருமுறை பார்த்து, தெரிந்த பெரியவர்களைக் கேட்டு, எழுதி வைப்போம். அதற்குப் பிறகு என்ன நிறம் பூசுவது என்பதை முடிவு செய்யலாம்.